விளக்குக்காரியின் கைத்துணி

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கப்பலில் வந்து இறங்கும் கண்டெய்னர்களுக்கான சுங்க வேலையைக் கணினியில் முடித்துக் கொடுப்பது என் பொறுப்பு. சர்வர் ஒழுங்காக இருக்கும் நாளில் தலையைத் தூக்க நேரமிருக்காது. சர்வர் படுத்துவிட்டால் அலுவலகம் மொத்தமும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அப்படி ஒரு மத்தியானத்தில்தான் நான் அதை எழுதினேன். பொழுது போவதற்காக எழுதியது. அது எங்கள் வீட்டுக்குள்ளேயே திரும்பி வரும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஒரு கடல் கதை, வெப் சீரிஸாகத் தமிழில் வந்துகொண்டிருந்தது. ஒரு பாய்மரக் கப்பல், அதில் சில ஆட்கள், ஊர் பேர் தெரியாத தீவுகள், தீவுக்குத் தீவு ஒரு வில்லங்கம். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணிகளில் வேலை பார்த்த என் வீட்டுக்காரருக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். "இந்தக் காத்துக்கு எவம்ளா இப்பிடிப் பாய விரிப்பான்" என்பார். எனக்கோ அதன்மேல் பைத்தியம். அந்தப் பைத்தியம் பிடித்த இன்னும் பலர் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருந்தோம். கப்பல் எந்தத் திசையில் போனது, கேப்டன் சொன்னது பொய்யா நிஜமா என்று நாள் முழுக்க அதில் சண்டை நடக்கும்.

அந்தக் குழுவில் கிடைத்தவள்தான் என் சிநேகிதி. காயல்பட்டினத்துக்காரி, பள்ளிக்கூடத்து டீச்சர், கட்டிய மாப்பிள்ளை துபாயில். நேரில் பார்ப்பதற்கு முன்பே எனக்கு அவள் குரல் பழகிப்போயிருந்தது. ஒரு நாள் அவள் குழுவில் ஒரு கேள்வி கேட்டாள். முதல் சீசனில் ஒரு தீவில் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் பொம்பிளை ஒருத்தி வருவாள். ஒரே காட்சிதான். ஒரு வார்த்தை பேசமாட்டாள். வலது கையில் மணிக்கட்டு வரைக்கும் துணி சுற்றியிருப்பாள். அது ஏன் என்று யாரும் சொல்லவில்லை. "அந்த விளக்குக்காரி கைல ஏன் துணி சுத்திருக்கா" என்று கேட்டாள் சிநேகிதி.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். தீக்காயம் என்றான் ஒருவன். கையில் வரைபடம் பச்சை குத்தியிருக்கிறது, அதை மறைக்கிறாள் என்றான் இன்னொருவன். எனக்கு ஏனோ எங்கள் குசினியில் அடுப்புப் பக்கம் நிற்கிற அம்மாதான் ஞாபகத்துக்கு வந்தாள்.

அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். சுடுபானையை இறக்கும்போது கையில் ஒரு துணியைச் சுற்றிக்கொள்வாள். நீலக் கட்டம் போட்ட துணி. அது என் தம்பியுடைய சட்டையின் கை. தம்பி வேலைக்காக அரபு நாட்டுக்குக் கிளம்பிய அன்று அவனைச் சென்னை ரயிலில் ஏற்றிவிட எல்லோரும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தோம். அவன் ரயில் பெட்டியின் வாசலில் நின்றுகொண்டிருந்தான். அம்மா அவனுடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ரயில் நகர்ந்தது. அம்மா விடவில்லை. தோள்பட்டைத் தையல் சர்ரென்று விட்டுப்போய், கை அப்படியே கழன்று அம்மாவிடம் வந்துவிட்டது. ஒரு கை இல்லாத சட்டையோடு அவன் சிரித்துக்கொண்டே போனான். நாங்களும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தோம். மறுநாளிலிருந்து அது பானை இறக்கும் துணியாகிவிட்டது.

சர்வர் வரும் வரைக்கும் நான் போனில் தட்டினேன். விளக்குக்காரியும் அவள் புருஷனும் போன படகு கவிழ்ந்தது. அவள் கவிழ்ந்த படகை ஒரு கையால் பிடித்தபடி மறு கையால் அவனுடைய சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். கடல் அவனை இழுத்தது. தையல் விட்டுப்போனது. அவன் போய்விட்டான், சட்டைக் கை அவளிடம் நின்றுவிட்டது. அதைத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறாள். 'கையில் ஒரு தழும்புகூட இல்லை. துணிதான் காயம்' என்று முடித்தேன். சிநேகிதி உடனே இன்னொன்றைச் சேர்த்தாள்: அந்தக் கையால் அவள் வேறு எதையும் பிடிக்கமாட்டாள், விளக்கைக்கூட இடது கையால்தான் ஏற்றுவாள்.

குழுவில் பாதிப் பேர் அழுகிற பொம்மையைப் போட்டார்கள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. யாரோ அதைப் படமாக வரைந்தார்கள். அந்தப் படம் வேறு குழுக்களுக்குப் போனது. யாரோ வீடியோவாக வெட்டி ஒட்டிப் பின்னால் சோகப் பாட்டைப் போட்டார்கள். எங்கள் குழுவில் ஒரு கறாரான விதி உண்டு. சீரிஸில் காட்டினால்தான் அது கேனன், அதாவது அதிகாரப்பூர்வமான கதை. நாமாகக் கட்டியதெல்லாம் கட்டுக்கதை, இரண்டையும் கலக்கக் கூடாது. ஆனால் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஒரு நாள் துறைமுக கேட் பக்கத்து டீக்கடையில் நின்றபோது, ஷிப்பிங் கம்பெனிப் பையன்கள் இரண்டு பேர் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏல, அது அவ புருசன் சட்டை. அவன் கடல்ல போயிட்டாம்லா."

"எந்த எபிசோடுல வருது?"

"முதல் சீசன்லயே வருது. நீ ஒழுங்கா பாக்கல."

நான் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். நான் கட்டியதை, யாரென்றே தெரியாத ஒருவன் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறான். அலுவலகத்துக்கு வந்து சிநேகிதியிடம் சொன்னேன். "எங்க ஸ்டாஃப் ரூம்லயே அப்பிடித்தான் பேசுதாங்க. நா என்னத்தச் சொல்ல, நாங்கதான் கட்டுனோம்னா நம்பவா போறாங்க" என்று சிரித்தாள்.

அப்புறம் புதிய சீசன் வந்தது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தோம். வீட்டுக்காரர் பாயில் பாதித் தூக்கத்தில் கிடந்தார். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கப்பல் மறுபடியும் அந்தத் தீவுக்குப் போனது. விளக்குக்காரி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். கப்பலின் சமையல்காரன் அவளருகில் வந்து உட்கார்ந்து, கையில் என்ன என்று கேட்டான். அவள் மெதுவாகத் துணியை அவிழ்த்தாள்.

கையில் ஒன்றுமே இல்லை.

சமையல்காரன் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னான்: "துணிதான் காயம்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். என் வார்த்தை, ஓர் எழுத்துகூட மாறவில்லை. போனில் என் கட்டைவிரலால் தட்டியதை முன்பின் தெரியாத ஒரு நடிகர் எங்கள் வீட்டு டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் பழைய கதை காட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நல்ல மழை, கவிழ்ந்த படகு, ஒரு கையால் படகையும் மறு கையால் புருஷனுடைய சட்டைக் கையையும் பிடித்திருக்கிறாள். மழையைத் தவிர எல்லாம் நான் எழுதியதுதான். அடுத்து தையல் விடும் என்று காத்திருந்தேன்.

தையல் விடவில்லை. அவன் கனத்தில் படகு அமிழ ஆரம்பித்தது. அவள் படகை முழங்கையால் அணைத்துக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த கத்தியை உருவி, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, தோளோரமாகச் சட்டையை அறுத்துவிட்டாள்.

அம்மாவின் கையில் பூண்டு அப்படியே நின்றிருந்தது.

"அறுத்துட்டாளே" என்றாள் அம்மா.

நான் என்ன சொல்கிறேன் என்று தெரியாமலே சொன்னேன். "அம்மா, இது நான் எழுதுனது. தம்பி சட்டய வச்சி நான் கட்டுன கத."

அம்மா திரும்பிப் பார்த்தாள். "நீயா எழுதுன? அறுத்தாள்னா எழுதுன?"

"இல்லம்மா. கிழிஞ்சிதுன்னுதான் எழுதுனேன். இவிய மாத்திட்டாவ."

"எவிய?"

"படம் எடுக்கவிய."

அம்மா கையிலிருந்த பூண்டைத் தட்டில் போட்டாள். "அவியளுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள். என் கதை அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கிறாள் என நினைத்து, குழு, வீடியோ என்று விளக்க ஆரம்பித்தேன். அம்மா அதைக் கேட்காமல் பூண்டுத் தட்டோடு உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் தம்பி வழக்கம்போல் வீடியோ காலில் வந்தான். "தூங்கிட்டேன்னு சொல்லு" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை அவன் முகத்தைப் பார்க்காமல் அம்மா இருந்து நான் பார்த்ததில்லை.

சிநேகிதியும் போன் செய்தாள். "ஏளா, விளக்க எடது கையால ஏத்துனா பாத்தியா? அது நாஞ் சொன்னதுல்லா?" நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. இரண்டு பேரும் குழுவில் எழுதினோம். இது நாங்கள் சொன்ன கதை, எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று.

பதில் வந்த வேகத்தில் திகைத்துப்போனேன். எபிசோடைப் பார்த்துவிட்டு வந்து சொந்தம் கொண்டாடுகிறோம் என்றார்கள். முதல் சீசனிலேயே இருப்பதை நாங்கள் எப்போதோ திருடிப் போட்டோம் என்றான் ஒருவன். எங்கள் குழுவில் பழைய ஆட்கள் பலர் விலகிப்போயிருந்தார்கள். இருப்பவர்களுக்கு அந்தக் கதை பிறந்தபோது பார்த்த ஞாபகம் இல்லை. ஒரு பெண் நல்லவிதமாகவே சொன்னாள்: "அக்கா, உங்களுக்கு மறந்திருக்கும். மறுபடி பாருங்க, முதல் சீசன்ல வரும்." ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. முதல் சீசனைப் போட்டு அந்தக் காட்சியைப் பார்த்தேன். அவள் வருகிறாள், நிற்கிறாள், போகிறாள். அவ்வளவுதான்.

சிநேகிதி விடவில்லை. பழைய பேச்சுகளில் தேடித் தேடி, நான் எழுதியதைத் தேதியோடு எடுத்துப் போட்டாள். குழு அமைதியானது. அதுவரை குழுவில் ஒரு வார்த்தையும் பேசாத ஒரு ஆள் எங்கள் இருவருக்கும் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். சீரிஸின் எழுத்தாளர்களில் தானும் ஒருவர், போனில் பேச முடியுமா என்று.

சாப்பாட்டு நேரத்தில், அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து பேசினேன். சிநேகிதி பள்ளிக்கூடத்திலிருந்து சேர்ந்துகொண்டாள்.

"மேடம், அது உங்களோடதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது" என்றார் அவர். "எங்களோடதுன்னுதான் நெனச்சேன்."

"எப்படி சார் நெனப்பீங்க? நீங்க எழுதினா எழுதினதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"முதல் சீசன் எழுதினவங்க பாதிப் பேர் இப்ப இல்ல. நாங்க உட்கார்ந்து பேசுறப்ப யாரோ, அதான் புருஷன் சட்டைன்னு ஏற்கெனவே இருக்கேன்னாங்க. எல்லாரும் ஆமான்னோம். டைரக்டரும் ஆமான்னார். அந்த வேஷம் போட்ட அம்மா, நான்தான் போன தடவையே அதை நடிச்சிட்டேனே, மறுபடியும் ஏன் எடுக்கறீங்கன்னு கேட்டாங்க. உங்க பழைய பதிவைப் பார்த்தப்புறம்தான் போய் முதல் சீசனைப் போட்டுப் பார்த்தேன். அதுல அப்படி ஒண்ணுமே இல்ல மேடம்."

நடித்தவருக்கே, நடிக்காததை நடித்த ஞாபகம். சிநேகிதி கேட்டாள்: "அப்ப முதல்ல எதுக்கு சார் துணி சுத்துனீங்க?"

அவர் தயங்கினார். "அன்னைக்கு அந்த அம்மா ஏதோ கல்யாணத்துக்குப் போயிட்டு வந்திருந்தாங்க. வலது கை நிறைய மருதாணி. மறைக்கிறதுக்குத் துணியைச் சுத்திட்டாங்க."

"மருதாணியா?" என்றாள் சிநேகிதி.

என் மனசு முழுக்க அம்மாதான் இருந்தாள். "ஏன் சார் அறுக்க வச்சீங்க?" என்று கேட்டேன். "நான் எழுதினதுல தையல்தான் விட்டுப்போகும். அவ விடவே இல்ல."

"அதுதான் நாங்க புதுசா சேர்த்தது மேடம். தையல் விட்டா அது விபத்து. துக்கம்தான் இருக்கும், ஆறிடும். இத்தனை வருஷமா அவ துணியை அவிழ்க்கலைன்னா, அவளே ஏதோ செஞ்சிருக்கணும்னு தோணிச்சு."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்த நிமிஷம்தான், தம்பி போனதைப் பற்றி நான் சொல்லும்போதெல்லாம் எதை விட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று எனக்கு உறைத்தது. அவன் போகவே மாட்டேன் என்றுதான் சொன்னான். துறைமுகத்தில் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான், அதுவே போதும் என்றான். அவனுடைய கூட்டாளிகளையும் குடியையும் பார்த்துப் பயந்து, சொந்தக்காரர் ஒருவரிடம் கெஞ்சி விசா வாங்கியது அம்மா. அழுதவனைக் கிளப்பிவிட்டதும் அம்மா. ரயில் வாசலில் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றதும் அதே அம்மாதான். நாங்கள் அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் சிரிப்புக் கதையாகச் சொல்லிச் சொல்லி, முன்னால் நடந்ததை மறந்துபோயிருந்தோம். போனவன் ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒரு காரணம் சொல்லி லீவுக்கு வராமலே இருந்தான். அதை ஏன் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.

அவர் எங்களுக்கு எபிசோடின் கடைசியில் நன்றி போடுவதாகச் சொன்னார். இனி அறுத்ததை மாற்ற முடியுமா என்று கேட்டேன். "வெளிய வந்துடுச்சே மேடம். இனி அதான் கதை" என்றார்.

வீட்டுக்குப் போனபோது அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கையில் பழைய கரித்துணி. நீலக் கட்டத் துணியைக் காணவில்லை.

"அது எங்கம்மா?"

"மடிச்சி வச்சிட்டேன்." அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "அவன் அப்பிடித்தான் நெனச்சிட்டு இருக்கானா? நான் அறுத்து வுட்டேன்னு? அவன் சொல்லித்தான் நீ எழுதுனியா?"

"ஐயோ, இல்லம்மா."

"பொறவு அவியளுக்கு எப்பிடித் தெரியும்?"

இரண்டாவது முறையாக அதே கேள்வி. இந்தத் தடவை எனக்குப் புரிந்தது. அவனைப் பிடித்து அனுப்பியது தான்தான் என்பது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கிறாள். மருதாணியைச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொன்னால் நம்பமாட்டாள்.

தம்பிக்கு நானே போன் செய்தேன். அவன் எடுத்ததும், "அக்கா, என் சட்டய டிவில போட்டுருக்காவ பாத்தியா" என்றான். ரூமில் எல்லோரும் சேர்ந்து பார்த்திருக்கிறார்கள். இது என் சட்டை என்று அவன் சொன்னதற்கு ஒருத்தரும் நம்பவில்லையாம். நான் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். "போன அம்மாட்ட குடு" என்றான்.

அம்மா வாங்கவில்லை. நான் ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்தேன்.

"யம்மா" என்றான். "நா போவும்போது உம்மேல கோவம்தான். இல்லேன்னு சொல்ல மாட்டேன். ரயில்ல விழுப்புரம் வரைக்கும் உன்ன வஞ்சிக்கிட்டேதான் போனேன்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஆனா அது நீ அறுக்கல. பழைய சட்ட. புதுசு எடுத்துக் குடுன்னேன், போற எடத்துல எடுத்துக்கோன்னுட்ட. துணி நைஞ்சி போயிருந்துச்சி. நீ புடிச்ச புடிக்கு எந்தச் சட்டையும் நிக்காது."

"அப்ப ஏம்ல வரமாட்டேங்க?" என்றாள் அம்மா. இத்தனை வருஷத்தில் முதல்முறையாகக் கேட்டாள்.

"வந்தா திரும்பப் போக மனசு வராதும்மா. அதான்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அதற்குப் பிறகு இருவரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. நான் வெளியே வந்துவிட்டேன்.

அவன் அடுத்த ஈஸ்டருக்கு லீவில் வந்தான். தலையில் பாதி முடியில்லை, உடம்பு பெருத்திருந்தது. அம்மா அவன் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவனைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். சிநேகிதியும் காயல்பட்டினத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். சட்டைக் கதை நாட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால், அதை அம்மா வாயால் கேட்க வேண்டும் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அம்மா சொன்னாள். ஸ்டேஷன், ரயில் வாசல், அவன் நின்றது எல்லாம் சரியாகச் சொன்னாள்.

"அன்னைக்கி மழன்னா அப்பிடி ஒரு மழ" என்றாள். "கண்ணு தெரியல. சட்ட ஈரமா இருந்ததுனாலதான் தையல் அப்பிடி விட்டுட்டு."

நான் குறுக்கிட்டேன். "மழ எங்கம்மா பேஞ்சிது? அது மே மாசம். வெயில் தாங்காம ஸ்டேஷன்ல நம்ம எல்லாரும் சர்பத் குடிச்சோம்."

அம்மா என்னைப் புரியாத மாதிரி பார்த்தாள். தம்பி சோற்றைப் பிசைந்தபடி சொன்னான்: "இல்லக்கா. நல்ல மழ. பெட்டிக்குள்ள வந்து தலையத் துவட்டுனேன், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அவன் விளையாட்டுக்குச் சொல்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. சுற்றியிருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள், அன்றைக்கு ஸ்டேஷனுக்கு வராதவர்களும்கூட. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவரும் எங்களோடு வந்து சர்பத் குடித்தவர்தான்.

"மழ பேஞ்ச மாரிதான் இருக்கு" என்றார் அவர்.

சிநேகிதி என் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "விடுளா, கேனன்ல மழதான்" என்றாள். அம்மா தம்பிக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டே, மழையில் ஸ்டேஷனிலிருந்து எப்படி வீட்டுக்கு வந்து சேர்ந்தோம் என்பதைச் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.